ஜார்ஜ் டவுன் கலைவிழா இரவு: கடைசிப் படகா, விடியற்காலையா?

இரட்டைச்சக்கரம் | வெள்ளி, இரவு 9.40

நண்பர்களுக்கு வணக்கம். போன ஆண்டு ஆகஸ்டில், மலேசியாவின் பினாங்குத் தீவில் ஜார்ஜ் டவுன் கலைவிழா நடந்த நாட்களில் ஒரு சனிக்கிழமை, நாங்கள் ஐந்து பேர் எதிர்க்கரையில் நிபோங் திபாலிலிருந்து சைக்கிளில் தீவுக்குப் போய், இரவெல்லாம் சுற்றிவிட்டு ஞாயிறு காலை திரும்பினோம். ஐந்து பேரும் ஒரே தோட்டத்தில் பிறந்து ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்தவர்கள். இந்த ஆண்டும் போவது உறுதி. எப்போது திரும்புவது என்பதில்தான் பேச்சு முடியவில்லை. இருவர் கடைசிப் படகைப் பிடித்து வந்துவிடலாம் என்கிறார்கள். நான் விடியும்வரை தங்கவேண்டும் என்கிறேன். உங்கள் கருத்தைக் கேட்கத்தான் இந்த இழை.

என் பக்கத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 13.5 கிலோமீட்டர் நீளமுள்ள பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிள் போகலாம், சைக்கிள் போகக்கூடாது. நமக்குப் படகுதான் வழி. நள்ளிரவுக்கு மேல் படகு கிடையாது. திரும்பிவிடும் எண்ணத்தோடு போனால் ஒன்பது மணிக்கே கண் கடிகாரத்துக்குப் போய்விடுகிறது. அதற்கு முந்தைய ஆண்டு எங்களுக்கு அப்படித்தான் ஆனது. இரண்டு மணி நேரத்தில் ஆறு இடங்கள். ஒரு பழைய கிடங்கில் நாட்டியம் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை, முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தோம். ஆடிக்கொண்டிருந்த பெண் ஒரு கணம் எங்களைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அதனால் போன ஆண்டு, கடைசிப் படகு போகட்டும் என்று முடிவுசெய்துவிட்டுத்தான் பட்டர்வொர்த்தில் படகேறினோம். பதினொரு மணி வரைக்கும் கூட்டம். சைக்கிள்களைப் பூட்டிவிட்டு நடந்தோம். பிறகு கடைகள் அடைத்தன, தெரு எங்களுக்கு வந்தது. லெபோ (தெரு) சூலியா, லெபோ பந்தாய், சியூ குலத்தவரின் மரத்துறை வரை மெதுவாக மிதித்தோம். பகலில் கார்களுக்கு இடையில் நெளிந்து போகவேண்டிய தெருக்கள் அவை. ஐந்து பேரும் ஒரே வரிசையில் பேசிக்கொண்டு போக முடிந்தது.

இரவு இரண்டரைக்கு லெபோ ஆர்மீனியன். லித்துவேனிய ஓவியர் எர்னெஸ்ட் சக்கரேவிச் 2012ஆம் ஆண்டு விழாவுக்காக அங்கே வரைந்த ஓவியம் எல்லோருக்கும் தெரியும்: சுவரில் பொருத்திய நிஜமான பழைய சைக்கிள், அதை ஓட்டும் அக்காவும் அவளைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருக்கும் தம்பியும் மட்டும் ஓவியம். பகலில் படமெடுக்க வரிசை நிற்கும். அன்று எங்களைத் தவிர யாரும் இல்லை. எங்களில் ஒருவன் தன் சைக்கிளின் முன்விளக்கைக் கழற்றிக் கையில் பிடித்து, சுவருக்குப் பக்கவாட்டில் காட்டினான். நிஜ சைக்கிளின் ஆரங்கள் சுவரில் நிழலாக விழுந்தன. விளக்கை மெல்ல மெல்ல நகர்த்தினான். நிழல் சுழன்றது. நின்றுகொண்டிருந்த சக்கரம் ஓடத் தொடங்கியதைப் போல, அந்தப் பிள்ளைகள் இருவரும் உண்மையாகவே எங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். பத்தாண்டுகளுக்கு மேல் கைபட்டுக் கைபட்டுச் சாயம் தேய்ந்த இடங்கள் எல்லாம் அந்த வெளிச்சத்தில் தெரிந்தன. யாரும் படமெடுக்கவில்லை. ஒருவரும் பேசவும் இல்லை.

கடைசிப் படகைப் பிடித்திருந்தால் இது கிடைத்திருக்காது. அவ்வளவுதான் என் வாதம்.

செம்பனைத்தோப்பு | வெள்ளி, இரவு 10.25

தம்பி, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு என் மகன் இப்போதே சைக்கிளைத் துடைக்கிறான். அவனுக்கு 17 வயது. எனக்குத் தீவைப் பற்றிப் பயம் இல்லை. பயம் எல்லாம் தீவுக்குப் போகும் சாலையில்தான். சுங்கை பாக்காப்பில் தொடங்கிப் பிறை வரைக்கும் முதலாம் கூட்டரசுச் சாலையில் கொள்கலன் லோரியும் செம்பனைக்குலை லோரியும் எப்படிப் போகின்றன என்று அந்தச் சாலையில் தினமும் வேலைக்குப் போகிற நான் பார்க்கிறேன். எத்தனை மணிக்குப் புறப்பட்டீர்கள்? இருட்டில் எவ்வளவு தூரம் ஓட்டினீர்கள்?

இரட்டைச்சக்கரம் | வெள்ளி, இரவு 10.41

அண்ணா, பெரிய சாலையில் இருட்டில் ஓட்டவே இல்லை. விடியும்வரை தங்குவதற்கு அதுவும் ஒரு காரணம். பிற்பகல் 3 மணிக்கு ரயில் நிலையத்தின் முன் கூடினோம். சிம்பாங் அம்பாட்டில் தண்ணீர், புக்கிட் மின்யாக் அருகே ஒரு டியூப் போனது, பிறை ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் படகுத்துறைக்குப் போனபோது ஆறரை. ஏறக்குறைய 35 கிலோமீட்டர்தான். பொழுது சாய்வதற்குள் படகில் இருந்தோம். கடைசிப் படகில் திரும்புகிறவர்கள்தான் நள்ளிரவில் பிறையிலிருந்து அந்த லோரிகளோடு வரவேண்டியிருக்கும்.

செம்பனைத்தோப்பு | வெள்ளி, இரவு 10.50

இதை நான் யோசிக்கவில்லை. அப்படியானால் கடைசிப் படகுக்கு என் வாக்கு இல்லை. மகனிடம் இன்னும் சரி என்று சொல்லவில்லை என்பதையும் எழுதிவைக்கிறேன்.

பால்மரம் | சனி, காலை 6.15

இழையைக் காலையில்தான் பார்த்தேன். எனக்கு 71 வயது. எங்கள் குடும்பம் மூன்று தலைமுறையாக ரப்பர் மரத்தில் பால் வெட்டியது. ஒரு செய்தி சொல்ல ஆசை.

இரவில் சைக்கிளில் கலை பார்க்கப் போவது நமக்குப் புதிதல்ல. நான் வாலிபனாக இருந்தபோது, பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருவிழா என்றால் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ நாடகம் இருக்கும். தோட்டத்து ஆட்களே நடிப்பார்கள். பகலில் நிரையில் (மர வரிசையில்) பால் வெட்டிய ஆள் இரவில் ராஜா. சில தோட்டங்களில் காமன் கூத்து. சில சமயம் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். நாங்கள் ஏழெட்டுப் பேர், நான்கு சைக்கிள், பின்னால் ஒருவன், முன் கம்பியில் ஒருவன் என்று செம்மண் பாதையில் போவோம். கேஸ் விளக்கு வெளிச்சம் மரங்களுக்கு நடுவே தெரியும் முன்பே ஆர்மோனியச் சத்தம் கேட்டுவிடும். அந்தச் சத்தம் கேட்டதும் மிதி வேகமாகும்.

நாடகம் முடிய நாலு மணி ஆகும். ஐந்து மணிக்குப் பெரட்டு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுப்பு. வீட்டுக்குப் போய்த் துணி மாற்ற நேரம் இருக்காது. வெட்டுக்கத்தியையும் வாளியையும் முன்கூட்டியே ஒருவன் வீட்டில் வைத்துவிட்டு, கொட்டகையிலிருந்து நேரே பெரட்டுக் களத்துக்குப் போனதும் உண்டு. கங்காணி எங்கள் கண்ணைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். நெற்றியில் கார்பைட் விளக்கோடு மரம் மரமாக நடக்கும்போது, இரவில் கேட்ட வசனத்தை ஒருவன் ஒரு நிரையிலிருந்து சொல்ல, அடுத்த நிரையில் இருப்பவன் பதில் வசனம் சொல்வான். மங்கில் (பால் ஏந்தும் கிண்ணத்தில்) பால் சொட்டும் சத்தத்துக்கு நடுவே நாடகம் இரண்டாம் முறை நடக்கும்.

ஆகவே தம்பி, விடியும்வரை இருங்கள். விடிந்த பிறகுதான் பார்த்தது உள்ளே இறங்கும்.

மின்மினி | சனி, காலை 9.02

பால்மரம் ஐயா, உங்கள் பதிவை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கங்காணி கண்ணைப் பார்ப்பது வந்ததும் அவருக்கும் தன் அப்பாவின் நினைவு வந்துவிட்டது.

ஆனால் ஒன்று கேட்கவேண்டும். அந்த நான்கு சைக்கிள்களில் பெண்கள் யாராவது வந்தார்களா? நான் இந்த விழாவுக்கு இரண்டு முறை போயிருக்கிறேன். இரண்டு முறையும் பத்து மணிக்குள் படகேறிவிட வேண்டும் என்று வீட்டில் உத்தரவு. என் தம்பி மட்டும் தன் நண்பர்களோடு தங்கினான். விடியற்காலைத் தெரு எப்படி இருக்கும் என்று அவன் வாயால் கேட்டுத்தான் எனக்குத் தெரியும். கடைசிப் படகா விடியலா என்று நீங்கள் விவாதிக்கிறீர்கள். எங்களில் பலருக்கு அந்தத் தேர்வே இல்லை. இதையும் பேசுங்கள்.

பால்மரம் | சனி, காலை 9.30

மகளே, நேர்மையாகச் சொல்கிறேன். சைக்கிளில் வரவில்லை. பெண்கள் தங்கள் தோட்டத்துத் திருவிழாவில் முன்வரிசையில் பாய் விரித்து உட்காருவார்கள், கும்மியும் கோலாட்டமும் அவர்களுடையவை. அடுத்த தோட்டத்துக்கு என்றால் குடும்பத்தோடு லோரியில் வந்தால்தான் உண்டு. என் அக்கா என்னைவிட நன்றாகப் பாடுவார். பக்கத்துத் தோட்டத்து நாடகத்தை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. நான் வந்து சொல்லக் கேட்டார். நீங்கள் கேட்ட பிறகுதான் அது எனக்கு வலிக்கிறது.

டொராண்டோவில்_ஒருத்தி | சனி, முற்பகல் 11.20

நான் சுங்கை பாக்காப்பில் வளர்ந்தவள், ஒன்பது ஆண்டுகளாகக் கனடாவில் இருக்கிறேன். இங்கே ஆண்டுக்கு ஒருமுறை நுய் பிளாஞ்ச் என்ற விழா, பொருள் ‘வெள்ளை இரவு’. பாரிஸில் 2002இல் தொடங்கியது, டொராண்டோவுக்கு 2006இல் வந்தது. ஹெல்சிங்கியில் இதைப் போன்ற ‘கலைகளின் இரவு’ 1989 முதலே இருக்கிறது. இங்கே மாலை 7 மணிக்குத் தொடங்கிக் காலை 7 மணிவரை, கட்டணமில்லை. நகர மண்டபத்துச் சதுக்கம், தேவாலயம், வாகன நிறுத்துமிடம், சந்து என்று எங்கும் கலைப்படைப்புகள்.

மூன்று முறை தோழிகளோடு சைக்கிளில் சுற்றியிருக்கிறேன். அதில் கற்றது இது: கூட்டத்துக்குள் சைக்கிள் உதவாது. நகர மண்டபத்தின் முன் நள்ளிரவில் உருட்டிக்கொண்டுகூடப் போக முடியாது. ஆனால் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு நாலைந்து கிலோமீட்டர் இருக்கும்போது, நடந்து வருகிறவர்கள் ஒரு பகுதியோடு சோர்ந்துவிடுவார்கள். நாம் மூன்றையும் பார்க்கலாம். ஓரமாகப் பூட்டு, உள்ளே நட, வெளியே வந்து மிதி. இரண்டு மணிக்குக் குடித்துவிட்டுக் கூச்சலிடும் கூட்டம் கலைந்துவிடும். மூன்றிலிருந்து ஐந்து வரைதான் படைப்புகளோடு தனியாக நிற்க முடியும். இரட்டைச்சக்கரம் சொல்லும் அந்தச் சுவர் நேரம் எல்லா ஊரிலும் அதே நேரம்தான் போலிருக்கிறது.

மின்மினி, நாங்கள் ஐவரும் பெண்கள்தான். இங்கே அது சாத்தியமாவது எங்கள் துணிச்சலால் மட்டுமல்ல. ஊரே விழித்திருக்கிறது, குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தாய்மார்கள் வருகிறார்கள். ஒரு தெருவில் பெண்கள் பத்துப் பேர் நின்றால் பதினோராவது பெண்ணுக்குப் பயம் இல்லை. உங்கள் அம்மாவையும் அழைத்துக்கொண்டு போங்கள் என்பேன்.

மறந்துவிட்டேன்: விளக்குக்கு மாற்று பேட்டரி எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் ரோம் நகரம் முதல்முறையாக இந்த இரவைக் கொண்டாடியபோது, அதிகாலை மூன்று மணிக்கு மேல் ஏறக்குறைய இத்தாலி முழுவதும் மின்சாரம் போய்விட்டது. தெருவில் இருந்தவர்கள் மழையிலும் இருட்டிலும் சிக்கினார்கள்.

பம்புக்காரர் | சனி, பிற்பகல் 1.15

பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவன் என்ற முறையில் சில வார்த்தைகள். புக்கிட் மின்யாக் பக்கம் டியூப் போனது தற்செயல் அல்ல. லோரி டயர் வெடித்துச் சிதறும் துண்டுகளில் முடியளவு மெல்லிய இரும்புக் கம்பிகள் இருக்கும். சாலையோரத்தில் நமக்கு விடப்படும் அந்த இரண்டு அடி இடத்தில்தான் அவை சேர்கின்றன. ஊசி போல டயரில் ஏறும், வெளியே தெரியாது. டியூபை மாற்றிவிட்டு அப்படியே போனால் இரண்டு கிலோமீட்டரில் மறுபடியும் காற்றிறங்கும். புது டியூப் போடுவதற்கு முன் டயரின் உட்புறத்தைச் சுற்றி விரல் நுனியால் மெதுவாகத் தடவுங்கள். குத்தும் இடத்தில் குறடால் பிடுங்குங்கள். ஆளுக்கு இரண்டு டியூப், குழுவுக்கு இரண்டு பம்பு.

ஜார்ஜ் டவுனில் ஆபத்து வேறு. சாக்கடை மேல் போட்டிருக்கும் இரும்புக் கம்பித் தட்டுகள் சில இடங்களில் நம் சக்கரத்தின் போக்கிலேயே நீளமாக இருக்கும். மெல்லிய டயர் அதற்குள் இறங்கினால் ஆள் முன்னால் விழுவார். குறுக்காகக் கடந்து செல்லுங்கள்.

கண்விழித்த உடம்போடு காலை வெயிலில் 35 கிலோமீட்டர் திரும்புவதைப் பற்றி யாரும் எழுதவில்லை. போகும்போது வராத விபத்து வரும்போது வரும்.

இரட்டைச்சக்கரம் | சனி, பிற்பகல் 2.05

உண்மை, அதை நான் எழுதியிருக்கவேண்டும். போன ஆண்டு ஜூரு அருகே எங்களில் ஒருவன் ஓட்டிக்கொண்டே கண் மூடினான், பின்னால் வந்தவன் கத்தியதால் தப்பினான். இந்த முறை படகைவிட்டு இறங்கியதும் பட்டர்வொர்த்தில் இரண்டு மணி நேரத் தூக்கம் இல்லாமல் யாரும் சாலையில் ஏறக்கூடாது என்று வைத்துக்கொள்கிறோம். என் மாமா வீடு அங்கே இருக்கிறது, கூடத்தில் பாய் விரித்துத் தருவார்.

ஆற்றங்கரை | சனி, மாலை 5.48

எல்லோரும் ஒரே பக்கம் பேசுகிறீர்கள், நான் மறுக்கிறேன். இரவெல்லாம் கலை பார்க்க ஜார்ஜ் டவுனுக்குப் போக ஆகஸ்டு எதற்கு? தைப்பூசம் இருக்கிறதே. நகரத்தார் காரைக்குடியில் செய்வித்து 1894இல் கப்பலில் கொண்டுவந்த வெள்ளி ரதம், மாடுகள் இழுக்க, லெபோ பினாங்கிலுள்ள கோவில் வீட்டுக்குத் திரும்பும் அந்த இரவைவிடப் பெரிய கலைவிழா இந்த நாட்டில் எது? மாலையில் தண்ணீர்மலையடியில் புறப்பட்டு விடிந்த பிறகுதான் வந்து சேர்கிறது. வழியெல்லாம் அர்ச்சனைத் தட்டு, நாதஸ்வரம், தண்ணீர்ப் பந்தல்களின் தோரணம். யாரும் டிக்கெட் கேட்பதில்லை. இதை நடத்தும் நாம்தான் விழா என்றால் பிறர் நடத்துவது என்று நினைக்கிறோம்.

அதுவும் வேண்டாம் என்றால் நம் கிரியான் ஆற்றுக்கே வாருங்கள். கரையோர பெரெம்பாங் மரங்களில் மின்மினிகள் ஒன்றுபோல் அணைந்து அணைந்து எரிவதைப் பார்க்க வெளியூர்க்காரர்கள் படகு பிடித்து வருகிறார்கள். நிபோங் திபாலில் பிறந்தவர்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறோம்?

இரட்டைச்சக்கரம் | சனி, இரவு 8.30

ஆற்றங்கரை, மின்மினிகளைப் பற்றி நீங்கள் சொன்னது சுடுகிறது. நான் பார்த்தது ஒரே ஒருமுறை, அதுவும் பள்ளிச் சுற்றுலாவில். அமாவாசையை ஒட்டி ஓர் இரவு அதற்கென்று வைப்போம்.

ரதத்தைப் பற்றி உங்களோடு சண்டை இல்லை. ஆனால் அதைக் கலைவிழா என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. ரதத்தின் முன் நான் பார்வையாளன் அல்லன், கும்பிட வந்தவன். தேங்காயும் கையுமாக நிற்பேன். அழகாக இருக்கிறதா என்று எடைபோடும் கண் அங்கே எனக்குத் திறக்காது, திறக்கவும் வேண்டாம். ஆகஸ்டு இரவில் போகும்போது அந்தக் கண்ணைத்தான் எடுத்துப் போகிறேன்.

ஆனாலும் இரண்டும் வெகுதூரமில்லை என்று போன ஆண்டு விடியற்காலையில் தோன்றியது. ஐந்தரை மணிக்குச் சூலியா தெருப் பக்கமிருந்து பிட் தெருவில் மிதித்தோம், இன்றைய பெயர் ஜாலான் மஸ்ஜித் கப்பித்தான் கெலிங். 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் இடது கைக்கு, கொஞ்ச தூரத்தில் வலப்புறச் சந்துக்குள் 1833ஆம் ஆண்டின் மகா மாரியம்மன் கோயில் கோபுரம், பிறகு குவான் யின் கோயில், கடைசியில் 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம். ஐந்து நிமிட மிதி. குவான் யின் கோயில் முன்னால் முதல் நாள் ஊதுபத்தியின் வாசம் ஈரத்தில் அப்படியே நின்றிருந்தது. திரும்பி வரும்போது பாங்கு ஒலித்தது. கடைத்தெருவில் பூக்கட்டும் அம்மா ஒருவர் கூடையை இறக்கிவைத்துக்கொண்டிருந்தார். விழாவின் நிகழ்ச்சி நிரலில் இவை எதுவும் இல்லை. ஆனால் இரவு முழுவதும் பார்த்துப் பார்த்துத் தீட்டிய கண்ணோடு போனதால்தான் அந்த அம்மாவின் விரல்கள் நாரை முடிவதை அப்படிப் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

மின்மினி, உங்கள் கேள்விக்கு வாய்வார்த்தையாகப் பதில் சொல்ல விருப்பமில்லை. நாங்கள் ஐவரும் இன்று பேசினோம். உங்களுக்குச் சம்மதம் என்றால் நீங்களும் உங்கள் தோழிகளும் எங்களோடு வாருங்கள். சைக்கிளில் வர இயலாத பெரியவர்கள் கொமுட்டர் ரயிலில் பட்டர்வொர்த் வரலாம், நிலையமும் படகுத்துறையும் அருகருகேதான். என் தாயாரும் வருகிறேன் என்றிருக்கிறார். லெபோ சூலியாவில் ஒரு விடுதியில் இரண்டு அறைகள் எடுத்துவிட்டால், களைத்தவர்கள் எந்நேரமும் போய்ப் படுக்கலாம். வேகத்தை மெதுவானவர்தான் முடிவுசெய்வார்.

மின்மினி | சனி, இரவு 9.17

அம்மாவிடம் கேட்டேன். முதலில் ஒன்றும் பேசவில்லை. பிறகு, உன் தாத்தா நாடகம் பார்த்துவிட்டு வந்து பாதி ராத்திரியில் எங்களை எழுப்பிக் கதை சொல்வார், நான் ஒருநாளாவது அங்கே இருந்து பார்க்க ஆசைப்பட்டேன் என்றார். ரயிலில் வருகிறாராம். நாங்கள் மூன்று பேர் சைக்கிளில். என் சைக்கிளின் பின் பிரேக்கைப் பார்த்துத் தரமுடியுமா, பம்புக்காரர் அண்ணா?

பம்புக்காரர் | சனி, இரவு 9.25

செவ்வாய்க்கிழமை கொண்டு வாருங்கள். மூன்று சைக்கிளையும் கொண்டு வாருங்கள்.

செம்பனைத்தோப்பு | சனி, இரவு 9.52

தாய்மார்கள் வருகிறார்கள் என்றால் மகனை அனுப்புகிறேன். நானும் என் வேனில் பின்னால் வருகிறேன், பிறை ஆற்றுப் பாலம்வரை. லோரிக்காரர்களுக்கு என் பின்விளக்கு தெரியட்டும்.

பால்மரம் | ஞாயிறு, காலை 6.05

என் பழைய சைக்கிள் இன்னும் ஓடுகிறது. டைனமோ விளக்கு எரிகிறது, சக்கரத்தில் உரசும் சத்தம் கொஞ்சம் பெரிதாகக் கேட்கும். தீவு வரைக்கும் முழங்கால் வராது. சுங்கை பாக்காப் வரை உங்களோடு வந்து அங்கே ஒரு தே தாரிக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். மூன்று மணிக்கு ரயில் நிலையத்தில் இருப்பேன்.